மெதுவாகப் பேசச் சொன்னவள் எழுதுவது

மதிலுக்கு அந்தப் பக்கத்து ஜெய்புன் அக்காவுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. உங்கள் வீட்டுச் செம்பருத்தி மதிலைத் தாண்டி எங்கள் பக்கம் வந்துவிட்டது. வெட்டட்டுமா வேண்டாமா என்று கேட்க ஆள் இல்லை. தெருக்கோடியில் காலியாகக் கிடந்த மனையில் யாரோ வீடு கட்டுகிறார்கள். பகல் முழுக்கக் கம்பி அறுக்கிற சத்தம். தெருவில் எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். எனக்கென்னவோ அது கேட்டுக்கொண்டிருந்தால் தேவலை என்றிருக்கிறது.

சத்தம் வேண்டாம் என்றுதானே அக்கா நாங்கள் இந்த மூலக்குளத்துக்கு வந்தோம்? உப்பளத்தில் இருபத்திரண்டு வருஷம் ரோட்டோர மாடி வீட்டில் குடியிருந்தோம். ஆட்டோ, ஸ்பீக்கர் செட்டு, கீழே இருந்த வெல்டிங் கடை. நானும் அவரும் ரிட்டயர் ஆனதும் இங்கே வந்து முதல் நாள் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கியபோது, இதற்காகத்தான் இத்தனை நாள் உழைத்தோம் என்று தோன்றியது.

நீங்கள் அப்படி இல்லை. முல்லா வீதியில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருந்த இடத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, வீட்டுக்காரர் போன பிறகு துபாயில் இருக்கிற மகன் கட்டிய வீட்டுக்குத் தனியாக வந்தவர். முதல் நோன்புக்கு ஒரு தூக்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு எங்கள் கேட்டைத் தட்டினீர்கள். "ஏம்மா, இந்தத் தெருவுல ஆளுங்க இருக்காங்களா இல்லியா? வந்து பத்து நாளாச்சு, ஒரு மனுஷக் கொரலு கேக்கல" என்றீர்கள். நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் தினமும் காலை ஆறரைக்கு, செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறபோது மதிலோரம் நின்று கூப்பிடுவீர்கள். "கலா... ஏ கலா... எழுந்துட்டியா?" நான் பல் விளக்கிக்கொண்டே "எழுந்துட்டேன்க்கா" என்பேன். சில நாள் அதோடு சரி. சில நாள் அதிலிருந்து அரை மணி நேரம் பேச்சு ஓடும். ஐந்து வருஷம் அப்படித்தான் எனக்கு விடிந்தது.

எதிர்வீட்டு மிஸ்யே ஒரு நாள் கேட்டின் அருகே என்னை நிறுத்தினார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், அதனால் தெருவுக்கே அவர் மிஸ்யே, மனைவி இல்லாமல் ஒற்றையாக இருக்கிறவர். உங்களுக்குத்தான் அவரைத் தெரியுமே. "மதாம், அந்த அம்மா காலையில கொஞ்சம் மெதுவா பேசினா நல்லா இருக்கும்" என்று மரியாதையாகத்தான் சொன்னார். அவர்மேல் பழி போடமாட்டேன். எனக்கே உள்ளுக்குள் கொஞ்சம் கூச்சம் இருந்தது. தெருவே அமைதியாக இருக்கிறபோது என் பெயர் மட்டும் இப்படி ஏலம் போகிறதே என்று.

மறுநாள் நீங்கள் கூப்பிட்டதும் நான் வெளியே வந்து சொன்னேன். "அக்கா, இது டவுன் இல்ல. எல்லாரும் தூங்கற நேரம். சத்தமாக் கூப்பிடாதீங்க. ஏதாவது வேணும்னா போன் பண்ணுங்களேன்."

"அப்படியாம்மா? எனக்குத் தெரியல பாரு" என்றீர்கள். அவ்வளவுதான். முகத்தில் ஒன்றும் இல்லை. அதற்கடுத்த நாளிலிருந்து தண்ணீர் ஊற்றுகிற சத்தம் மட்டும் வந்தது. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, முதல் வாரம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு புதன்கிழமை. ஒன்பது மணிக்குக் காய் வாங்கப் போனபோது உங்கள் கேட்டில் பால் பை தொங்கிக்கொண்டிருந்தது. நின்று பார்த்தேன் அக்கா. பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்ள முடியாது. காரைக்காலுக்கு மகள் வீட்டுக்குப் போயிருப்பீர்கள், பால்காரரிடம் சொல்ல மறந்திருப்பீர்கள் என்று நானே ஒரு கணக்குப் போட்டேன். 'நம்மகிட்டகூடச் சொல்லாமப் போயிட்டாங்களே, கோவம்தான் போல' என்று சின்னதாக ஒரு வருத்தமும் பட்டேன். பூட்டு, ஆள் உள்ளே இருக்கிற மாதிரி, கேட்டின் உள்பக்கம் தொங்கியது என் கண்ணில் படவே இல்லை. ஒரு அடி எடுத்து வைத்திருந்தால் பட்டிருக்கும்.

வியாழக்கிழமை காலை அதே பையின் பக்கத்தில் இன்னொரு பை. அப்போதுதான் ஓடிப்போய் என் வீட்டுக்காரரைக் கூட்டிவந்தேன். அவர்தான் மதில் ஏறிக் குதித்தார். பின்கதவு திறந்திருந்தது. நீங்கள் சமையலறை வாசலில் கிடந்தீர்கள். புதன்கிழமை விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டுப் பால் எடுக்க வந்தபோது வழுக்கியது என்று பிறகு சொன்னீர்கள். போன் ஹாலில் சார்ஜில் இருந்தது. போன் பண்ணுங்கள் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்.

இடுப்பெலும்பு முறிவுக்கு ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. அதன் பிறகு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள்தான் இருந்தீர்கள். மகன் விமானம் பிடித்து வந்து சேர்ந்தபோது நீங்கள் கண் திறந்து பார்க்கிற நிலையில் இல்லை.

உங்கள் மகள் நசீமா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க மட்டும் பாக்கலன்னா எங்கம்மா யாருமில்லாமப் போயிருப்பாங்க ஆன்ட்டி" என்றாள். அந்த நன்றியை நான் வாங்கிக்கொண்டேன் அக்கா. மூன்று மாதம் அதை வைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டைச் சுத்தம் பண்ண அவள் வந்தபோது போய்ச் சொன்னேன். கூப்பிடாதீர்கள் என்று உங்களைத் தடுத்தது, புதன்கிழமை பால் பையைப் பார்த்தது, பார்த்துவிட்டுக் காய் வாங்கப் போனது, எல்லாம். அவள் உங்கள் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்துக்கொண்டே, "எத்தனை மணிக்குப் பாத்தீங்க?" என்றாள். ஒன்பது என்றேன். "ஒன்பது மணிக்கு அம்மா முழிச்சிட்டுத்தான் இருந்திருப்பாங்க, இல்ல?" என்றாள். அவள் அடுத்த புடவையை எடுத்தாள். மறுநாள் என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டாள்.

மிஸ்யேவிடமும் போனேன். "காலையில ஒரு தடவை வந்து கேட்டைத் தட்டுவேன். உங்க பிரெஞ்சுல ஆமான்னு, 'உய்'னு ஒரு சத்தம் குடுத்தாப் போதும்" என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நான்தானே மதாம் உங்ககிட்ட சொன்னேன்" என்றார். "நீங்க என்கிட்ட சொன்னீங்க. அவங்ககிட்ட சொன்னது நான்" என்றேன். இப்போது மூன்று வீட்டுக் கேட்டைத் தட்டுகிறேன். மூலை வீட்டம்மா மட்டும் "எங்க வீட்டுல கேமரா இருக்குங்க" என்று சொல்லிவிட்டார். இருக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நசீமா கூப்பிட்டாள். ஐந்து மாதம் கழித்து. "ஆன்ட்டி, நான் அம்மா வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வர்ற நேரமெல்லாம் நீங்கதான் அம்மாகூட இருந்தீங்க. அப்ப அம்மா என்னென்ன பேசினாங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. ரொம்ப நாள் யோசித்துவிட்டுக் கேட்கிற குரல்.

பேத்தியின் பரீட்சையைப் பற்றி நீங்கள் கேட்டதைச் சொன்னேன். ஆஸ்பத்திரி இட்லியைக் கிண்டல் பண்ணியதைச் சொன்னேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன்.

நான்காவது நாள் மத்தியானம், என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சொன்னீர்கள். "கூப்பிட்டேன் கலா. நெறைய தரம் கூப்பிட்டேன். நீ சொன்னியேன்னு மெதுவாத்தான் கூப்பிட்டேன்."

அது மாத்திரை மயக்கமா அக்கா? விளையாட்டாகச் சொன்னீர்களா? மனத்தாங்கலா? கத்த உடம்பில் தெம்பில்லாமல் போனதை என் மனசு நோகாதபடி அப்படிச் சொன்னீர்களா? கேட்டிருக்கலாம். உங்கள் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் உங்கள் தலையணையைச் சரி பண்ணினேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணுக்கு எதுக்கு அதைச் சொல்லணும்? மறுபடியும் புண்ணைக் கிளறவா?" என்கிறார் இவர். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் இருக்கிறது. என் பாரத்தை இறக்கி அவள் தலையில் வைக்கப் போகிறேனோ என்று நாலு நாளாக யோசித்தேன். ஆனால் ஒன்று விடாமல் என்றுதான் அவள் கேட்டாள். அது அவளுடைய அம்மாவின் பேச்சு. அதை நான் வடிகட்டிக் கொடுக்க யார்? நீங்கள் எப்படிப் பேசவேண்டும் என்று ஒரு தடவை நான் தீர்மானித்தது போதாதா?

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் காரைக்கால் போகிறேன் அக்கா. போனில் சொல்லமாட்டேன். நசீமாவின் எதிரில் உட்கார்ந்து, நீங்கள் சொன்னதை நீங்கள் சொன்ன மாதிரியே சொல்வேன். அவள் திட்டினாலும், அழுதாலும், இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்றாலும், அவள் பேசி முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கமாட்டேன். இது சத்தியம்.

அக்கா என்று கூப்பிட இன்னொருவர் இல்லாத
உங்கள் தங்கச்சி,
கலா