மூச்சு எண்ணும் பெட்டி

வாழவந்தி,
வைகாசி 9

மகள் மேனகாவுக்கு அப்பா அங்கப்பன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீ அங்கே சுகமா? கடிதத்தின் தலையில் எல்லோரும் மரியாதைக்குக் கேட்கிற கேள்வியாக இதை எண்ணிவிடாதே, பதில் வேண்டித்தான் கேட்கிறேன். உன்னோடு பேசமாட்டேன் என்று ஒன்பது வருடத்துக்கு முன் சொன்ன சொல் இன்றும் சொல்தான். எழுதமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. நீ யாரைக் கட்டிக்கொண்டு அயர்லாந்து போனாய் என்பது பற்றி இதில் ஒரு வரியும் இருக்காது. உன் சித்தப்பா மகன் சக்தி இதைப் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புவான், தாள் பின்னால் தபாலில் வரும்.

இந்தக் கோடையில் மேல்வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேரை ஏற்காட்டில் மூன்று வாரம் தங்கவைத்து, பூமி ஏன் சூடாகிறது, கரண்டு எங்கிருந்து வருகிறது, விறகு எரித்தால் காற்று என்ன ஆகிறது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். வீட்டுக்கு இரண்டு பேராக நம் ஊருக்கும் வந்து பல்பு எண்ணினார்கள், அடுப்பைப் பார்த்தார்கள். நம் வீட்டுக்கு வந்தது கீர்த்திகா, சௌமியா என்று இரண்டு சேலத்துப் பெண்கள், கெட்டிக்காரப் பிள்ளைகள். அவர்களை அழைத்துவந்த ஹரிஹரன் சாரிடம் இருபத்தாறு வருடமாக எண்ணெய் டின்னில் மழை பிடித்து அளந்து எழுதிய என் நோட்டைக் காட்டினேன். காப்பிப் பூவுக்கு வரவேண்டிய மழை எந்தெந்த வருடம் தவறியது என்று தேதியோடு அதில் இருக்கிறது. நாலு பக்கம் புரட்டிவிட்டு, "டின்னுல அளந்ததையெல்லாம் கணக்குல சேர்க்க முடியாதுங்க ஐயா, அதுக்குன்னு மெஷின் இருக்குதுங்க" என்றார். ஏழாவதோடு நின்றவன் டின்னில் மழைகூடப் பொய்யாகவா பெய்யும்?

போகும்போது சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி கொடுத்தார்கள். "தாத்தா, இது மூச்ச எண்ணற பெட்டிங்க, நாம விடற கரியமில வாயுவ அளக்கும், வெளிய வெச்சா நானூத்திச் சொச்சம் காட்டும், அடைச்ச ரூம்ல ஆளு இருந்தா ஏறிட்டே போகும்" என்றாள் கீர்த்திகா. சாருடைய மெஷினைப் பொய்யாக்க எனக்கு வழி கிடைத்தது. அதை உன் அறையில் வைத்தேன். நீ போன அன்று ஜன்னலுக்குப் பலகை அடித்து, உன்னைப் பற்றி இந்த வீட்டில் யாரும் மூச்சு விடக்கூடாது என்று சொல்லிப் பூட்டிய அறை. சாவி என் அரைஞாண் கயிற்றில்தான் கிடக்கிறது. யாராவது நுழைந்தார்கள் என்று பிறகு சொல்லிவிடக் கூடாது என்பதற்காகப் பூட்டில் நூல் வேறு கட்டிவைத்தேன். ஆளில்லாத அறையில் எதை எண்ணும், பார்ப்போம் என்றிருந்தேன்.

ஒரு வாரம் கழித்துப் பிள்ளைகள் பெட்டியில் பதிந்ததைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்கள். தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு எண் ஏறத் தொடங்கி, நாலு மணிக்கு ஆயிரத்து நானூறைத் தொட்டு இறங்கியிருந்தது. சௌமியா என் பக்கம் திரும்பி, "உள்ள யாரோ இருக்காங்க தாத்தா" என்றாள். நூல் கட்டியபடியே இருந்தது. மறுநாள் இரண்டு மணிக்குக் கதவுக்கு வெளியே உட்கார்ந்தேன். மஞ்சு இறங்கி வாசலில் காப்பிச் செடிகூடத் தெரியவில்லை. உள்ளே கட்டில் ஒருமுறை முனகியது. கதவில் காதை வைத்தேன். இரண்டு மூச்சு கேட்டது, மேனகா. ஒன்று இழுக்கும்போது மற்றது விட்டது. அந்த இரண்டாவதில், சின்ன வயதில் இளைப்பு வந்தால் உன் நெஞ்சில் கேட்குமே ஒரு மெல்லிய விசில், அது இருந்தது.

நூலை அறுத்துத் திறந்தேன். உன் அம்மா கட்டிலின் ஓரத்தில், பாதிக் கட்டிலை விட்டு உட்கார்ந்திருந்தாள். வேறு யாரும் இல்லை. மிளகு மூட்டை தள்ளுவதற்காகச் சமையல்கட்டுப் பக்கம் வைத்த சின்னக் கதவை நான் மறந்தே போயிருந்தேன். ஒன்பது வருடமாக அதன் வழியே தவழ்ந்து போய் வந்திருக்கிறாள். ஒண்டியாக உட்கார்ந்து என்ன செய்கிறாய் என்று கத்தினேன். "நான் ஒண்டியா எங்கீங்க இருந்தேன்? மெதுவாப் பேசுங்க, புள்ள இப்பத்தான் கண்ணசந்தா" என்றாள்.

நான் பேய் பிசாசு என்கிறவன் அல்ல, அளக்கிறவன். இன்னும் கொஞ்ச நாள் வேண்டும் என்று கேட்டுப் பெட்டியை வைத்துக்கொண்டேன். பக்கத்து அறையும் அதே நீள அகலம், நானே கட்டியது. அங்கே ஜன்னலை அடைத்து உன் அம்மாவை இரண்டு மணி நேரம் உட்காரவைத்தேன், தொள்ளாயிரம். நான் மட்டும் உட்கார்ந்தேன், அதுவும் தொள்ளாயிரம். இருவரும் சேர்ந்து உட்கார்ந்தபோதுதான் ஆயிரத்து நானூறு வந்தது. உன் அறையிலோ அவள் ஒருத்திக்கே ஆயிரத்து நானூறு. ஹரிஹரன் சாரிடம் சொன்னேன், "பெட்டில ஏதோ கோளாறுங்க ஐயா" என்றார். இப்போது அந்த மெஷினை நம்பாதவர் அவர், நம்புகிறவன் நான்.

இதையெல்லாம் உனக்கு எழுதுவதாகவே இல்லை. ஆனால் போன செவ்வாய்க்கிழமை முதல் உன் அறையில் உன் அம்மா உட்கார்ந்தாலும் தொள்ளாயிரத்துக்கு மேல் ஏறவில்லை. "புள்ள வரலீங்க" என்கிறாள், சாப்பிடுவதில்லை. சக்தியை உனக்கு இரண்டு முறை போன் போடச் சொன்னேன், நீ எடுக்கவில்லை.

ஜன்னல் பலகையைப் பெயர்த்துவிட்டேன். பூட்டும் இப்போது கதவில் இல்லை. அந்த ஊர்க் குளிரில் ஈரத் தலையோடு வெளியே போகாதே, இளைப்பு மருந்தைக் கையோடு வைத்துக்கொள். நீயும் உன் வீட்டுக்காரரும் குறைவில்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், சேர்வராயன் சாமி துணை இருப்பார். பக்கம் பக்கமாகப் பதில் எழுத வேண்டாம் கண்ணு. மூச்சு விடக்கூடாது என்று சொன்னவன் நான்தான், நானே கேட்கிறேன். ஒரே ஒரு மூச்சு விடு.

உன் அப்பா,
அங்கப்பன்