அம்மா போன ஹனிமூன்

குருநகர்,
16.02.2025

என் செல்ல மகள் லவீனாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், மேர்சி சின்னம்மா சுகம், நீ விட்டுப்போன கிழட்டுப் பூனைகூடச் சுகம். நீயும் மருமகனாக வரப்போகிற றஜிந்தனும் பாரிஸ் குளிரில் தடிமன் பிடிக்காமல் இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு நாளும் மாதாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிக்காதே. போனில் கதைத்தால் இரண்டு நிமிடத்தில் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிடுகிறாய். பின்னால் இவருடைய, சிமியோனுடைய, செருமல் கேட்டால் ஒரு நிமிடம்தான். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது. பக்கத்து வீட்டு ஜெரிசன் லீவு முடிந்து பாரிசுக்குத் திரும்புகிறான் என்றதும் ஒரு கொப்பி வாங்கிக்கொண்டு எழுத இருந்துவிட்டேன். கோயிலில் முதல் நன்மை எடுக்கிற பிள்ளைகளின் சட்டை ஆறு தைக்கக் கிடக்கிறது. கிடக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆவணியில் உன் கலியாணத்துக்கு இவர் கோயிலுக்குள் வரக்கூடாது என்று கனிசியஸ் சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறாய். எனக்குத் தெரியவந்துவிட்டது. எங்கே தெரியவந்தது என்று கேட்டால் நம்பமாட்டாய். கடலில், என்னுடைய ஹனிமூனில்! அந்தக் கதையைச் சொல்லாமல் மற்றதை எழுத எனக்குக் கை ஓடாது. அதனால் முதலில் அதைக் கேள்.

ஓம் பிள்ளை, ஹனிமூன்தான். ஐம்பத்தொரு வயதில். சிரிக்கிறதென்றால் இப்போதே சிரித்து முடித்துவிடு.

தை பதினெட்டாம் திகதி காலைப் பூசையோடு எங்கள் கலியாணம் முடிந்தது உனக்குத் தெரியும். பத்துப் பேர்கூட இல்லை. மோட்சம் போன உன் அப்பாவின் தம்பி என்ற முறையில் கனிசியஸ் வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றேன், வரவில்லை. நீ "செய்யிறதைச் செய்யுங்கோ" என்று சொன்னதோடு சரி. ஆனால் அடுத்த நாள் விடிந்ததும், எங்கே ஹனிமூன் போகிறீர்கள் என்று கேட்க மட்டும் ஊர் முழுக்க ஆள் இருந்தது. மேர்சி நுவரெலியா என்றாள். குளிரில் நடுங்கிக்கொண்டு பூந்தோட்டத்தில் படம் எடுக்கவேண்டுமாம். ஜெரிசன் மாலைதீவு என்றான். கோயில் சிஸ்டர் மடு மாதா கோயிலுக்குப் போய்ச் செபமாலை சொல்லச் சொன்னா. எனக்கு எங்கே போக ஆசை என்று கேட்டது இவர் ஒருவர்தான். நான் யோசிக்கவேயில்லை. கடலுக்கு என்று சொல்லிவிட்டேன்.

கதவைத் திறந்தால் கடல், அதற்கு ஒரு ஹனிமூனா என்று நீ கேட்பாய். நான் கடலைப் பார்த்திருக்கிறேனே தவிர, அதில் போனதில்லை. பெண் கால் வைத்தால் தொழில் வள்ளத்துக்கு மீன் படாது என்று நம் ஆட்கள் எவ்வளவு உறுதியாக நம்புகிறார்கள் என்பது உனக்குத் தெரியும். கலியாணம் முடித்த புதிதில் உன் அப்பாவிடம் ஒருநாள் கெஞ்சிக் கேட்டேன். "நீ வந்தால் நான் வலையைப் பாக்கிறதோ உன்னைப் பாக்கிறதோ" என்று பகிடி விட்டுவிட்டுப் போய்விட்டார். அதன்பிறகு நான் கேட்கவில்லை. யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது கிளாலியில் ஒருமுறை வள்ளத்தில் ஏறினேன். அன்று சூட்டுக்குப் பயந்து தலையைக் குனிந்துகொண்டு படுத்திருந்ததால் கடலின் ஒரு துளியைக்கூடப் பார்க்கவில்லை.

இவர் ஒருநாள் முழுக்க யோசித்தார். நம் இறங்குதுறையில் அரைவாசி எஞ்சின்களைத் திருத்துகிற மனுசன், உன் அப்பாவின் எஞ்சினுக்கும் கை வைத்தவர். அந்தச் சின்னப் பைபர் வள்ளம் ஒன்றுதான் அவருடைய சொத்து. அடுத்த நாள் காலையில் வந்து, "வலையை இறக்கிப்போட்டு உம்மை ஏத்திறன் கத்தரீன். வலை இல்லாட்டி அது தொழில் வள்ளமில்லைத்தானே" என்றார். வழக்கறிஞராகப் போயிருக்கவேண்டிய ஆள்!

போன வியாழக்கிழமை வெளிக்கிட்டோம். இரண்டு இரவு, மூன்று பகல். ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, பாண், தேங்காய், இரண்டு கலன் தண்ணீர், தலையணை இரண்டு. துறையில் பாஸ் பார்க்கிற நேவிக்காரர் என்னைக் கண்டதும் முழுசிப்போய், என்ன வேலையாகப் போகிறீர்கள் என்று தெரிந்த தமிழில் கேட்டார். இவர் கொஞ்சமும் முகம் மாறாமல் "ஹனிமூன்" என்றார். அந்த மனுசன் எங்கள் இரண்டு பேரின் நரைமுடியையும் பார்த்தார். உள்ளே போனார். பிரச்சினை வரப்போகிறது என்று நான் பயந்துகொண்டிருக்க, தகரத்தில் அடைத்த மீன் ரின் இரண்டோடு வந்து கலியாணப் பரிசு என்று நீட்டினார். குருநகர்க்காரருக்கு மீன் ரின்! சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்துவிட்டது.

லவீனா, கரையிலிருந்து கொஞ்சத் தூரம் போனபிறகு இவர் என்னைத் திரும்பிப் பார்க்கச் சொன்னார். நம் ஊர் முழுக்கத் தெரிந்தது. கோயில் கோபுரம், ஐஸ் கொம்பனிக் கூரை, நம் வீட்டுத் தண்ணீர்த் தாங்கிகூடத் தெரிந்தது. உன் அப்பா இருபது வருடமாக இதைப் பார்த்துப் பார்த்துத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. இவரிடம் மறைக்கவில்லை, காரணத்தைச் சொன்னேன். இவர் எஞ்சினை நிறுத்திவிட்டு, ஆறுதலாகப் பாரும் என்றார். அது எனக்கு எவ்வளவு பிடித்தது என்று உனக்கு எப்படிச் சொல்வேன்!

பாலைதீவில் இறங்கி அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினோம், ஒன்று உனக்கும் றஜிந்தனுக்கும். கோயில் விறாந்தையில் படுத்தோம். மற்ற நாள் காலையில் சற்றுத் தள்ளி ஒரு மணல்திட்டிக்குப் போனோம். இடுப்பளவு தண்ணீர், கண்ணாடி போலத் தெளிவு. இவர் மட்டிச் சிப்பி பொறுக்கப் போய்விட்டார். எனக்குக் கை சும்மா இருக்குமா? போகும்போது உப்புத் தண்ணீரில் நனைந்துபோன நைற்றியை, நீ போன நத்தார்ப் பண்டிகைக்கு அனுப்பினாயே அந்தச் சிவப்பு நைற்றியை, நல்ல தண்ணீரில் அலசினேன். கொடி கட்ட இடமில்லை. வள்ளம் தள்ளுகிற நீளத் தடி கிடந்தது. அதை வள்ளத்திலேயே நிமிர்த்திக் கட்டி, உச்சியில் நைற்றியைக் காயப் போட்டேன். நல்ல காற்று. அடுப்பை மூட்டிவிட்டு, பாணுக்குச் சம்பல் இடிக்கத் தொடங்கினேன்.

நான் செய்தது என்ன தெரியுமா? வள்ளத்தில் தடியை நிமிர்த்தித் துணி கட்டினால், ஆபத்து, ஓடி வாருங்கள் என்று அர்த்தமாம். கடலுக்குப் போகிற ஒவ்வொரு ஆம்பிளைக்கும் தெரிந்த விஷயம். கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாது. என்னை யார் வள்ளத்தில் ஏற்றிச் சொல்லித்தந்தார்கள்?

சம்பல் இடித்து முடியவில்லை, ஐந்து வள்ளங்கள் நாலு பக்கத்தாலும் பறந்து வருகின்றன. யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்று நான் எழும்பி நின்று கையைக் காட்டினேன். அதைப் பார்த்து அவர்கள் இன்னும் வேகமாக வந்தார்கள். முதல் வந்த வள்ளம் கனிசியஸ் சித்தப்பாவுடையது. வள்ளம் நிற்க முதலே தண்ணீரில் குதித்து, "அண்ணி, ஆர் விழுந்தது? சிமியோன் எங்கை?" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். ஆறு மாதமாக என்னோடு ஒரு சொல் கதைக்காத மனுசன். பாய்ச்சிய வலையை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

அந்த நேரம் பார்த்து இவர் சாரத்தில் மட்டியை அள்ளிக்கொண்டு தண்ணீருக்குள்ளால் ஓடி வந்து, "என்ன நடந்தது? ஆருக்கு என்ன?" என்று அவர்களைக் கேட்கிறார். அவர்கள் இவரைக் கேட்கிறார்கள். கொஞ்ச நேரம் எல்லாரும் எல்லாரையும் கேட்டோம். கடைசியில் ஒருவர் தடியைக் காட்டி, "அப்ப உது என்ன?" என்றார். நான் என்னத்தைச் சொல்வேன், அது என்ரை நைற்றி என்று சொன்னேன்.

கனிசியஸ் நைற்றியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். மனுசன் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடியே சிரிக்கத் தொடங்கினார் பார், நிறுத்த முடியவில்லை. பிறகு எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு பேருக்கென்று வைத்திருந்த பாணைப் பதினொரு பேர் பிய்த்துத் தின்றோம். மட்டி அவித்தோம். அதுவும் காணாமல் நேவிக்காரரின் மீன் ரின்னையும் உடைத்தோம். ஊரில் இனி எங்களுக்கு மானமே இல்லை, அது வேறு கதை. விட்டுவந்த வலையில் கனிசியசுக்கு அன்று மீன் பெரிதாகப் படவில்லை. அதற்கும் என்னைத்தான் சொல்கிறார்களாம்.

மற்றவர்கள் போனபிறகும் அவர் போகவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டு, நீ சொன்னதைச் சொன்னார். "பிள்ளை கேட்டாள், நானும் ஓமெண்டிட்டன் அண்ணி. இப்ப உவரின்ரை கையாலை திண்டுபோட்டு எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை" என்றார்.

இவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பிள்ளை சொன்னால் சரி, தான் அன்றைக்கு வெளியே நின்று வாகனங்களை ஒழுங்குபடுத்துவதாகச் சொன்னார். சொல்லிவிட்டு மட்டிக் கோதுகளைப் பொறுக்கத் தொடங்கினார். எனக்கு வந்த கோபம்! உன்மேல் பாதி, இவர்மேல் பாதி. பாலைதீவிலிருந்து அரைவாசி வழி நான் வாய் திறக்கவில்லை. இவர் சமாதானம் பேசவும் வரவில்லை. எஞ்சின் பிடியை என் கையில் தந்துவிட்டு முன்னால் போய் இருந்துகொண்டார். ஒரு பக்கம் தள்ளினால் வள்ளம் மற்றப் பக்கம் போகிறது, உனக்குத் தெரியுமா அது? முதலில் வட்டம் போட்டேன். பிறகு பிடிபட்டுவிட்டது. குருநகர்த் துறைக்குள் வள்ளத்தை நான்தான் கொண்டுவந்தேன்! கரையில் நின்றவர்கள் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்கவேண்டும். 

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்பதை நீ இன்னும் கேட்கவில்லை. நான் சொல்ல வரும்போதெல்லாம் போனை வைத்துவிட்டாய். அப்பாவை மறந்துவிட்டேன் என்று நினைக்கிறாய். மறக்கவில்லை மகள். பதினொரு வருடம் தனியே இருந்தேன், உன்னைப் படிப்பித்தேன், அனுப்பினேன். அதற்காக உன்னிடம் எதுவும் கேட்கவும் இல்லை. இவரை நீ அப்பா என்று கூப்பிடவேண்டாம். மாமா என்றுகூடக் கூப்பிடவேண்டாம், ஊரைப் போல எஞ்சின் சிமியோன் என்றே சொல்.

உங்கள் ஹனிமூனுக்கும் இந்த வள்ளத்தைத் தருகிறோம். நீங்கள் போக நினைக்கிற மாலைதீவுக்கு இனித்தான் இடம் பதியப்போகிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். வெயில் படாமல் இருக்க மேலே தறப்பாள் கட்ட வேண்டும் என்று இவர் நேற்றுத் தடிகள் அளந்துகொண்டிருந்தார். நீ சொன்னதைக் கேட்டபிறகும்தான்.

இனி கலியாண விஷயம். உன்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவது சித்தப்பாதான், அது அப்பாவின் இடம், அதில் எனக்கோ இவருக்கோ ஒரு குறையும் இல்லை. ஆனால் இவரை வெளியே விட்டுவிட்டு நான் உள்ளே இருக்கமாட்டேன். கோயிலில் முதல் வரிசை வாங்கில் இரண்டு பேர் உட்கார இடம் தந்தால் முதல் வாங்கில் இருப்போம். இல்லையென்றால் கடைசி வாங்கில் இருப்போம். உன்னை நான் பேசவோ, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவோ மாட்டேன், சத்தியம். கடைசி வாங்குதான் வாசலுக்குக் கிட்ட. நீ வெள்ளை உடுப்போடு உள்ளே காலடி வைக்கும்போது, கோயிலில் மற்ற எல்லாருக்கும் முந்தி உன்னைக் காண்கிறது நாங்கள் இரண்டு பேரும்தான்.

மாதா உன்னையும் றஜிந்தனையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். எந்த வாங்கு என்று மட்டும் ஒரு வரி எழுது, என் பிள்ளை.

உன்னை நினைத்தபடி,
அம்மா
கத்தரீனா