வரக் காணோமே தாயே

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
14.6.2002

ஜெயம்,

'அன்புள்ள' என்று எழுதி அடித்துவிட்டேன். அடித்தது உன் கண்ணில் படட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

நீ பிரான்சுக்குப் போன பிறகு நான் நேரு வீதியில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். பக்திப் புத்தகமும் பாட்டு சிடியும் விற்கிற கடை. போன வியாழக்கிழமை மூலக்குளத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தார். புதுமனை புகுவிழாவில் கொடுக்க, மனசுக்குச் சந்தோஷம் தருகிற சிடியாக ஒன்று கேட்டார். பாரிசிலிருந்து புதிதாக வந்ததை முதலாளி எடுத்துக் கொடுத்தார். நான்தான் போட்டுக் காட்டினேன்.

மூன்றாவது பாட்டு என் பாட்டு. ஆஸ்பத்திரியில் என் துர்காவின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நானே கட்டி, பதினோரு நாள் பாடிய பாட்டு. பாடுகிற குரல் உன் குரல். கூடவே தபேலா, புல்லாங்குழல், கைத்தட்டல். அட்டையில் 'இயற்றியவர் பெயர் தெரியவில்லை' என்று போட்டிருக்கிறாய். உனக்கா தெரியாது? தினமும் பிளாஸ்கில் காப்பி கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள் யார்?

அதைக்கூட விட்டுவிடுவேன். 'விளக்கேற்றிக் காத்திருந்தேன், வரக் காணோமே தாயே' என்பதுதான் கடைசி வரி. நீ 'வந்து நின்றாயே தாயே' என்று பாடியிருக்கிறாய். எந்த அம்மன் வந்தாள், ஜெயம்? ஒன்பது வயதுப் பெண்ணைத் துணி சுற்றித் தூக்கிக்கொண்டு போனோமே, அன்றைக்கு வந்தாளா?

"ரொம்ப நிம்மதியா இருக்குதும்மா, நாலு குடுங்க" என்றார் அந்த அம்மாள். நாலு எடுத்துப் பையில் போட்டுக் கொடுத்தேன்.

போன் செய்யாதே. போனில் நீ அழுவாய், நான் விட்டுவிடுவேன். எழுது.

அமுதவல்லி


சார்செல், பிரான்ஸ்
2.7.2002

அன்புள்ள அமுதா,

நீ அடித்தாலும் நான் அடிக்கமாட்டேன்.

"இனிமே அந்தப் பாட்டப் பத்தி எங்கிட்ட பேசாத" என்று சொன்னது நீ. அதனால்தான் உன் பெயரைப் போடவில்லை. எங்கள் பஜனைக் குழுவில் பதினான்கு பெண்கள் இருக்கிறார்கள். வாரம் முழுக்க ஓட்டல் அறைகளைப் பெருக்கித் துடைத்துவிட்டுச் சனிக்கிழமை பாட வருகிறார்கள். 'வரக் காணோம்' என்று முடித்தால் என்ன மனசோடு வீட்டுக்குப் போவார்கள்? புருஷன் விட்டுவிட்டுப் போன ஒருத்தி, இந்தப் பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் காலையில் எழுந்திருக்கிறேன் என்கிறாள். இது தப்பா? சாமி பாட்டு என்றால் மனுஷரைத் தூக்கி நிறுத்த வேண்டாமா?

எனக்கும் கோபம் வருகிறது. துர்கா போனதிலிருந்து ஒன்பது வருஷமாக நீ பாட வாயே திறக்கவில்லை. நான் பாடாமல் இருந்திருந்தால் அந்தப் பாட்டு எங்கே இருக்கும்? அடுத்த பதிப்பில் உன் பெயரைப் போடுகிறேன். போதுமா?

ஜெயம்


நெல்லித்தோப்பு
19.7.2002

ஜெயம்,

பெயருக்காகவா உனக்கு எழுதினேன்?

நேற்று கடைக்கு அஞ்சலாட்சி வந்தாள். தேங்காய்த்திட்டில் மீன் விற்கிறவள். மகனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது, பன்னிரண்டு வயது. போன மாதம் உன் சிடியை வாங்கிக்கொண்டு போனவள், திருப்பிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

"யக்கா, ஒரு மாசமா தெனம் இதத்தான் கேக்கறேன். வந்து நின்னாயேன்னு பாடறாங்களே, அவங்களுக்கெல்லாம் வந்தவ எனக்கு மட்டும் ஏன் வரல? நான் என்னா பாவம் செஞ்சேன்?"

இதற்கு நீ பதில் சொல்லு. அங்கே ஒருத்தியைத் தூக்கி நிறுத்தினாய், சரி. இங்கே ஒருத்தியை மிதித்துவிட்டாய்.

கடையில் நாலு பேர் நின்றார்கள். நான் பாடினேன். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு, என் கடைசி வரியோடு. குரல் பிசிறியது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப நான் மட்டும் இல்லியா யக்கா" என்றாள். அழுதாள், முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த வரியைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு மகனிடம் போனாள். எனக்குத் தெரிந்த நம்பிக்கை அதுதான். வராதவளை வந்தாள் என்று சொல்லி யாருக்கும் தைரியம் கொடுக்காதே.

அமுதவல்லி


சார்செல்
8.8.2002

அமுதா,

குழுவுக்காக மாற்றினேன் என்று எழுதினேனே, அது சாக்கு.

பதினோராம் நாள் காலையில், "ஜொரம் எறங்கிடுச்சி, போய்க் குளிச்சிட்டு வா" என்று உன்னை வீட்டுக்கு அனுப்பியது நான். நீ போன கொஞ்ச நேரத்தில் துர்கா கண் விழித்தாள். "அத்த, அம்மா பாட்டப் பாடு" என்றாள். பாடினேன். கடைசி வரி வந்ததும், "அம்மன் இன்னும் வரலியா அத்த?" என்று கேட்டாள். நான் என்ன செய்வேன்? "வந்துட்டா கண்ணு, தோ நிக்கறா பாரு" என்றேன். வந்து நின்றாயே என்று மாற்றிப் பாடினேன். சிரித்தாள். உன் ரிக்‌ஷா வாசலுக்கு வருவதற்குள் போய்விட்டாள்.

தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று உன்னிடம் சொன்னது பொய். அனுப்பி வைத்தவள் நானாயிற்றே, உண்மையைச் சொன்னால் என் முகத்தில் விழிக்கமாட்டாய் என்று பயந்தேன். அதற்குப் பிறகு அந்த வரி என் வாயில் வேறு மாதிரி வரவே இல்லை.

சிடியை நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுகிறேன்.

ஜெயம்


நெல்லித்தோப்பு
25.8.2002

ஜெயம்,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். முதலாளி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

என் கோபம் குறையவில்லை, கூடியிருக்கிறது. வரியை மாற்றியதற்காக இல்லை. அனுப்பி வைத்ததற்காகவும் இல்லை. ஜுரம் இறங்கியதை நானும்தான் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனேன். என் பெண் கண் விழித்தாள், பாட்டுக் கேட்டாள், சிரித்தாள். அதை ஒன்பது வருஷம் என்னிடம் சொல்லாமல் எப்படி இருந்தாய்? அவளைப் பெற்றவள் நானா, நீயா?

சிடியை நிறுத்தாதே. அடுத்த பதிப்பில் முதலில் என் வரியைப் பாடு. காத்திருக்கிறவர்களுக்கு அது வேண்டும். பிறகு துர்காவுக்குப் பாடினதையும் பாடு. இரண்டையும் பாடு.

தீபாவளிக்கு டிக்கெட் போடு. வந்ததும் திட்டுவேன், வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொள். அப்புறம் அவள் எப்படிச் சிரித்தாள் என்று சொல். பல் தெரியச் சிரித்தாளா, உதட்டோடா? எழுதி அனுப்பிவிடாதே. என் எதிரில் உட்கார்ந்து சொல்லவேண்டும்.

அமுதா