இருமல் மருந்து

12.06.2007, செவ்வாய்

தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் இன்று கம்ப்யூட்டர் திரையில் பதுளை ஆஸ்பத்திரி டாக்டரம்மாவைக் காட்டினார்கள். நல்ல முகம். மார்பிலுள்ள கட்டியைச் சொல்லிவிடத்தான் போனேன். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாதாம். நாங்கள் சொல்வதைச் சிங்களத்தில் சொல்ல, காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கப் பெயர் கூப்பிடும் கணக்கப்பிள்ளையையே பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள்.

"சும்மா சொல்லும்மா, நான் யாருகிட்ட சொல்லப்போறேன்?" என்றார் கணக்கப்பிள்ளை. அவர் அப்படிக் கேட்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"இருமலுங்க" என்றேன். இருமியும் காட்டினேன்.

வெளியே பக்கத்து வீட்டுச் செல்வமணி என் கையிலிருந்த மருந்துப் போத்தலைப் பார்த்தாள். "ஒனக்கும் இருமலா?" என்று கேட்டு, முந்தானைக்குள்ளிருந்து அதே போத்தலை எடுத்தாள்.

லயத்து வரிசை வீடுகளில் எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு சுவர்தான். அவள் இருமி நான் ஒருநாளும் கேட்டதில்லை. நான் இருமி அவளும் கேட்டிருக்கமாட்டாள்.