மோட்டார் சைக்கிளைத் தாயாக ஏற்றுக்கொண்ட வாத்துகளின் பொருட்டு

அனுப்புநர்
ரோடெல் மங்குபாத் (வயது 16),
செயலாளர், இளம் உழவர் குழு,
சான் இசித்ரோ, போஹோல் தீவு.

பெறுநர்
தலைமை வேளாண் அலுவலர் அவர்கள்,
லவிசான் நகராட்சி.

பொருள்: வேளாண் விரிவாக்கப் பணியாளர் திருமதி ஹோவிதா லுமாயாக் அவர்களையும் அவரது சிவப்பு மோட்டார் சைக்கிளையும் எங்கள் ஊருக்கே திருப்பித் தர வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் பிறப்பித்த இடமாற்றத்தால் எங்களுக்கு விளைந்த ஏமாற்றத்தைப் பணிவுடன் தெரிவிக்கிறேன். எழுத்தில் இடமாற்றம், ஏமாற்றம் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். வயலில் முழுக்க ஒன்றுதான்.

1. முன்பு வந்த பணியாளர்கள் வண்டியில் உட்கார்ந்தபடியே துண்டறிக்கை கொடுத்துவிட்டுப் போவார்கள். அடுப்புப் பற்றவைக்க உதவியது, நன்றி. வண்டியை விட்டு முதலில் இறங்கியவர் ஹோவிதா மேடம். முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு எங்கள் அப்பாக்களிடம், “வயல்ல ஆளுக்கொரு மூலைய இந்தப் பசங்ககிட்ட விடுங்க. மிச்சத்த நீங்களே ஆளுங்க” என்றார். என் அப்பா விட்ட மூலையில் நாற்றைவிட நத்தை அதிகம்.

2. நத்தைக்கு அப்பா வைத்தியம் விஷ மருந்து. மேடம் வைத்தியம் வாத்து. பொரியும் தறுவாயில் இருந்த முட்டைகளை உமிப் பெட்டியில் வைத்து, வண்டியின் பின்னிருக்கையில் கட்டிக்கொண்டு வந்தார். தங்கள் நகராட்சிச் சாலையின் பள்ளங்கள் குலுக்கிய குலுக்கலில் குஞ்சுகள் வழியிலேயே பிறந்துவிட்டன. பிறந்ததும் எது சத்தம் போட்டு நகர்கிறதோ அதுவே வாத்துக்குத் தாய் என்பது அறிவியல். ஆகவே இவற்றின் தாய்க்குப் பதிவெண் உண்டு. “வாத்தியாரம்மா வருவாங்கன்னு பாத்தா, வாத்தம்மால்ல வந்திருக்காங்க!” என்று அப்பாவே சிரித்தார். போன போகம் பொய்த்ததிலிருந்து அவர் சிரித்து நாங்கள் பார்க்கவில்லை.

3. தினமும் காலையில் மேடம் வரப்புச் சாலையில் மெதுவாக வண்டியை ஓட்டுவார். பின்னால் ஊர்வலம். வயலருகே எஞ்சினை அணைப்பார். தாய் தூங்கிவிட்டதென்று பிள்ளைகள் வயலில் இறங்கி நத்தைகளை விழுங்கும். நாற்று நிமிர்ந்தது. நாங்களும்தான்.

4. இந்நிலையில் மேடத்தைக் கடற்பாசி வளர்ப்புக்கென்று கடற்கரைக்கு அனுப்பிவிட்டீர்கள். வண்டி கிளம்பியது, வாத்துகளும் கிளம்பின. தேவாலய வாசலில் ஒரு கல்யாண ஊர்வலத்துக்குள் புகுந்துவிட்டவற்றைப் பிடித்து மீட்டோம். மாப்பிள்ளையின் அம்மா, “யாருடா இவங்க, பொண்ணு வீட்டு ஆளுங்களா?” என்று கேட்டது எங்களுக்கு மானக்கேடு.

5. மாற்று ஏற்பாடுகளும் செய்து பார்த்தோம். பக்கத்து வீட்டு வண்டியைக் கொண்டுவந்தோம். வாத்துகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. நண்பன் தோதோங் வாயாலேயே எஞ்சின் ஓட்டினான். அவன் நாய் மட்டும் பின்னால் போனது. வாத்துகள் இப்போது கடலைப் பார்த்தபடி சாலையில் உட்கார்ந்திருக்கின்றன. வயலில் நத்தைகளுக்கு விருந்து.

6. அப்பா மருந்து டப்பா வாங்கி வைத்துவிட்டார். “ஞாயித்துக்கெழம வரைக்கும்தான்டா. உன் வாத்துங்க எறங்கலன்னா மருந்து எறங்கும். நீ செபு பட்டணம் போயி மாமா பட்டறையில சேந்துக்க” என்கிறார். மருந்து இறங்கிய வயலில் வாத்து இறங்க முடியாது, ஐயா. நானும் இறங்க முடியாது. பட்டறையில் எது என்னவென்று எனக்குத் தெரியாது. இந்த மூலையில் எந்தத் தண்டில் நத்தை முட்டையிடும் என்பது தெரியும்.

கடற்பாசி முக்கியம்தான். ஆனால் அது வளரும் கயிற்றை விட்டு நகராது, காத்திருக்கும். நத்தை மெதுவாகத்தான் நகரும் என்றாலும் காத்திருக்காது. எனவே மேடத்தை இந்த அறுவடை வரையிலாவது எங்களிடம் விட்டுவைக்க ஆணையிடுமாறு வேண்டுகிறேன்.

இன்று மாதக் கூட்டத்துக்கு மேடம் வந்திருப்பதாக அறிந்து, இம்மனுவை வாத்துகளோடு நேரில் கொண்டுவந்துள்ளோம். தங்கள் அலுவலக வாசலில் நிற்கும் சிவப்பு வண்டியை வாத்துகள் அடையாளம் கண்டு சூழ்ந்துகொண்டுவிட்டன. தங்கள் கார் அதற்குப் பின்னால் நிற்கிறது. மேடத்தின் வண்டி கிளம்பினால்தான் வாத்துகள் விலகும். வாத்துகள் விலகினால்தான் தங்கள் கார் நகரும். அவர் எந்தத் திசையில் கிளம்புவது என்பது தங்கள் ஒரு கையொப்பத்தில் இருக்கிறது.

இடம்: தங்கள் வாசல்
நாள்: 12 ஜூலை, வெள்ளி

பணிவன்புடன்,
ரோடெல் மங்குபாத்

இணைப்பு: வாத்துகள் (உயிருடன்)