ஒருநாள் முந்தி அஜரத்து

ஏப்ரல் 20, 2025 – ஞாயிறு

தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஜுபைர் சித்தப்பா போன். ஊரில் பள்ளிவாசலை ஒட்டிக் கட்டிய மதரஸா கூடத்துக்குத் தாத்தா பெயரை வைக்கிறார்களாம். மே 25 திறப்பு விழா, அன்றைக்கு ஒரு நினைவு மலர். ஜமாஅத் செயலாளர் என்பதால் எல்லாம் சித்தப்பா பொறுப்பு. "நீதான் நல்லா எழுதுவியே அஸ்பியா, தாத்தாவைப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடு. உங்க ஓசூர்லியே பிரஸ் பாத்து வெச்சிருக்கறேன்."

நான் நன்றாக எழுதுவேன் என்று இவருக்கு யார் சொன்னது? கம்பெனியில் நான் எழுதுவதெல்லாம் 'கியர் பல்லில் கீறல், திருப்பி அனுப்பவும்' என்பதுதான். தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: 'ஈமானின் இமயம், கல்விக் கடல், சேவைச் செம்மல் குலாம் ரசூல் ஹஜ்ரத்.' மலையும் கடலும் ஒரே ஆளுக்கு. தாத்தா ஐந்தடி இரண்டு அங்குலம்.

ஏப்ரல் 22 – செவ்வாய்

முதல் ஷிப்ட். ஆயிரத்து இருநூறு கியர் பார்த்தேன். தாத்தாவைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை.

ஏப்ரல் 23 – புதன்

இமயத்தைப் பற்றி யோசித்தால் முதலில் குறட்டைதான் ஞாபகம் வருகிறது. நாற்பது வருஷம் எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் தொழவைத்தவர். விடிகாலை சுபுஹு தொழுகை முடிந்ததும் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே தூங்கிவிடுவார். எழுப்பினால், "தூங்கல, திக்ருல இருந்தேன்" என்பார். அல்லாவை நினைத்துச் செய்கிற திக்ரில் வாயோரம் எச்சில் வழியுமா என்று ஒருநாள் கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அரபி, உருது, தமிழ், தெலுங்கு தெரியும். நாற்பது வயதுக்கு மேல் கன்னடமும் எழுதப் படித்துக்கொண்டார். எல்லைக்கு அந்தப் பக்கம் நிலம் வைத்திருக்கிற கெலமங்கலத்துக்காரர்கள் மனு எழுத ஆளில்லாமல் அலைந்தார்களாம், அதற்காக. ஐந்து மொழியிலும் பிடிவாதம் ஒன்றுதான்.

பூவம்மாளுக்கு விதவைப் பென்ஷன் வாங்கிக் கொடுத்த கதை ஊருக்கே தெரியும். ஏதோ ஒரு ஆபீசில் காலையிலிருந்து நிற்கவைத்துவிட்டார்கள். நாலு மணிக்குத் தாத்தா கண்ணை மூடிக்கொண்டு அரபியில் ஏதோ ஓதியிருக்கிறார். சாபம் விடுகிறார் என்று குமாஸ்தா பயந்துபோய் உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார். தாத்தா ஓதியது பிரயாணத்துக்கு ஓதுகிற துஆ. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம்.

இவற்றை எழுதலாம். சித்தப்பா முகம் சுளித்தாலும் சிரித்துக்கொண்டே போட்டுவிடுவார். ஆனால் ஊரில் தாத்தாவுக்கு இன்னொரு பெயர் உண்டு. அது எப்படி வந்தது என்று சொல்லாமல் நாலு பக்கம் நிரப்பினால், அந்த ஆள் என் தாத்தா இல்லை, வேறு யாரோ. சொன்னால் நான் மாட்டிக்கொள்வேன்.

ஏப்ரல் 27 – ஞாயிறு

ஊருக்குப் போனேன். குருபரப்பள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் திம்மராயன் கடையில் டீ. "ஏமி பாப்பா, நீ ஒருநாள் முந்தி அஜரத்து பேத்திதானே?" என்றார். முப்பத்தொரு வயதுப் பாப்பா தலையாட்டினேன். "தங்கமான மனுசன். எங்கப்பனுக்கு எத்தினி மனு எழுதிக் குடுத்துருக்காரு! கொஞ்சம் அவசரக்காரரு, அவ்ளோதான்" என்று சிரித்தார்.

அவசரப்பட்டது அவர் இல்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்து, டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான். இங்கேயாவது எழுதித் தொலைக்கிறேன்.

2003 நவம்பர். ரமலான் இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம். பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள், தெரியாவிட்டால் இன்னும் ஒரு நோன்பு. பள்ளிவாசல் மாடியில் தாத்தா, பக்கத்தில் நான். பின்னால் ஏழெட்டு ஆண்கள், வானத்தை விட்டுவிட்டுத் தாத்தாவின் வாயையே பார்த்துக்கொண்டு.

தாத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அது எனக்கு மட்டும்தான் தெரியும். குர்ஆன் மனப்பாடம், தெரு மனப்பாடம், பேப்பரை நான் படித்துக் காட்டிவிடுவேன், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆபரேஷன் பண்ணினால் கொஞ்ச நாளைக்குக் குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தரையில் நெற்றி வைத்து ஸஜ்தா செய்யாமல் எப்படித் தொழுவது என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். அது பக்தி பாதி, தொழவைக்கிற இடத்தை இன்னொருவருக்கு விட மனசில்லாதது பாதி.

"தெரியுதா கண்ணு?" என்று என் காதோடு கேட்டார்.

மேகம்தான் தெரிந்தது. வீட்டில் அம்மா மருதாணி அரைத்து வைத்திருந்தார். பெருநாள் தள்ளிப்போனால் மருதாணியும் தள்ளிப்போகும். எனக்கு ஒன்பது வயது. "தெரியுது தாத்தா, அதோ" என்றேன்.

தாத்தா திரும்பினார். "பொறை தெரிஞ்சிடுச்சு. நானே பாத்தேன்" என்று எல்லாரிடமும் சொன்னார்.

பெருநாள் பிறைக்கு இரண்டு சாட்சி வேண்டும், குழந்தையின் சாட்சி செல்லாது. ஊருக்கே இந்தப் பாடத்தை நடத்தியவர் அவர். மாடியில் சாட்சி சொன்னது நாங்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் பார்க்கவில்லை.

ஏப்ரல் 28 – திங்கள்

கை வலித்து நேற்று நிறுத்திவிட்டேன். மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

மழையில் போன் லைன் செத்துக் கிடந்தது, வெளியூரில் விசாரிக்க வழியில்லை. காலையில் பெருநாள் தொழுகை, கட்டிப்பிடி, பிரியாணி. பதினோரு மணிக்குப் பெங்களூரிலிருந்து வந்த ஒரு லாரி டிரைவர், "என்னாங்க பாய், நோன்பு நாள்ல பிரியாணி வாசம் அடிக்குது?" என்று கேட்டார். கிருஷ்ணகிரியிலும் நோன்பு. கர்நாடகாவும் தமிழ்நாடும் காவிரியில் ஒத்துப்போனதில்லை, எங்களைக் கவிழ்க்க அன்றைக்கு ஒத்துப்போய்விட்டன.

சாயங்கால அஸர் தொழுகைக்குள் தாத்தா வீடு வீடாகப் போனார். நூற்றிப் பத்து வீடு. கண் தெரியாததால் நான்தான் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "நான் பொறையைப் பாக்கல. பாத்தேன்னு சொன்னது என் தப்பு. விட்டுப்போன நோன்புக்கு எல்லாரும் ஒண்ணு களா வெச்சிடுங்க" என்றார். சில பேர் சிரித்தார்கள். ஒருத்தர் முகத்துக்கு நேராகவே திட்டினார். நூற்றிப் பத்து தடவை கேட்டேன், ஒரு தடவைகூட 'பேத்தி சொன்னா' என்று அந்த வாயில் வரவில்லை.

அடுத்த மாதமே கண் ஆபரேஷன் பண்ணிக்கொண்டார். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. போன வருஷம் மௌத்தானபோது உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் ஒருத்தர், "ஒருநாள் முந்தி அஜரத்து போயிட்டாரே" என்றுதான் அழுதார்.

நான் பொய் சொன்னேன்னு அவருக்குத் தெரியுமா? ஒரு நாளும் கேக்கல. கேட்டிருந்தா காலைப் பிடிச்சு அழுது தீத்திருப்பேன். அதுக்கும் வழி விடாமப் போயிட்டாரு கிழவரு.

மே 2 – வெள்ளி

எழுதி முடித்துவிட்டேன். மூன்று பக்கம் குறட்டை, கன்னடம், பூவம்மாள். நாலாவது பக்கம் பிறை, என் பெயரோடு.

அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். "அடிப்பாவி! அந்த மருதாணி உனக்குச் செவக்கவே இல்ல, ஞாபகம் இருக்குதா?" என்றார். சிரித்தேன். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "அன்னைக்கு ஊரு சுத்திட்டு வந்து ரெண்டு நாளு சோத்துல கைய வெக்கல அவரு" என்றார். எனக்கு அது தெரியாது. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு வந்தேன்.

மே 4 – ஞாயிறு

வாட்ஸப்பில் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் போன்.

"கூடம் தொறக்கற அன்னைக்கு அவரு பேரைக் கெடுக்கறியா? நாலாவது பக்கத்தைத் தூக்கிடு."

"பொய் சொன்னது நான் சித்தப்பா. கெட்டா எம்பேருதான் கெடும்."

"ஒம்பது வயசுல எல்லாந்தான் பொய் சொல்லுதுங்கோ, இப்ப யாரு கேட்டாங்கோ? எங்கப்பா பொறையைப் பாத்தாரு. பாக்கலன்னு வூடு வூடாச் சொன்னது அடக்கத்துல சொன்னது."

அடக்கமாம்! ஒரு ஊரையே நோன்பு வைக்கச் சொன்ன அடக்கம். அந்தப் பக்கம் இருந்தால் மலர் வராது என்றார். அந்தப் பக்கம் இல்லாவிட்டால் என் எழுத்து ஒரு வரிகூட வராது, இமயத்தை நீங்களே ஏறிக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கட் பண்ணிவிட்டேன். சித்தப்பாவிடம் இப்படிப் பேசியதே இல்லை.

அம்மா சொன்னார்: அந்தக் களா நோன்பை ஊரே வைத்தது, திட்டினவர்கூட வைத்தார், சித்தப்பா மட்டும் வைக்கவில்லையாம். வைத்தால் அப்பா பார்க்கவில்லை என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று. அந்தப் பட்டப்பெயரைச் சொன்ன ஒருத்தனை ஒருமுறை சட்டையைப் பிடித்து அடித்தும் இருக்கிறார்.

மே 6 – செவ்வாய்

போன் இல்லை. நானும் பண்ணவில்லை.

மே 9 – வெள்ளி

சித்தப்பா தானே எழுத உட்கார்ந்துவிட்டாராம். ஒன்றரைப் பக்கத்தில் 'இமயம்' ஏழு தடவை வருகிறது என்று சித்தி போனில் சிரிக்கிறார். பதினாலாம் தேதிக்குள் கொடுத்தால்தான் விழாவுக்கு அச்சாகும் என்று பிரஸ்காரர் சொல்லிவிட்டாராம்.

விட்டுக்கொடுத்துவிடலாமா? தாத்தாவே வாயைத் திறக்காத விஷயம். எம்மனசு லேசாகணும்னுதான் இவ்ளோ துள்ளறேனா? இருக்கும். இருந்துட்டுப் போவட்டும். அவரு தூக்கிச் சுமந்த பேரு என்னுது. கூடத்துச் சுவத்துல அவர் பேரை எழுதறப்பவாவது அதைத் திருப்பி வாங்கிக்கணும் நான்.

மே 13 – செவ்வாய்

ஷிப்ட் முடிந்து வந்ததும் சித்தி போன். "உங்க சித்தப்பா காலையில இருந்து பச்சத்தண்ணி கூடக் குடிக்கல. கேட்டா எரிஞ்சு உழுவறாரு. பிரஸ்ஸுக்குன்னு ஓசூருக்கு வந்துக்கினு இருக்கறாரு, ஒடம்புக்கு என்னான்னு கொஞ்சம் பாரு."

ஐந்தரைக்கு வந்தார். முகம் சுண்டிப் போயிருந்தது. டீ போட்டுக் கொடுத்தேன். "அப்புறம்" என்றார். தண்ணீர் கொடுத்தேன். அதற்கும் "அப்புறம்" என்றார். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு போனில் மணியை மணியைப் பார்த்தார். ஒரு டீக்கும் அடுத்த டீக்கும் நடுவில் டீ குடிக்கிற மனுஷர்.

அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். உள்ளே போய்ப் பேரீச்சம்பழத் தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். ரமலான் முடிந்து ஆறு வாரம், சாதாரணச் செவ்வாய்க்கிழமை. இருபத்திரண்டு வருஷமாகப் பாக்கி நின்ற களா நோன்பு.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொன்னதும் பழத்தைக் கடித்தார், ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தார், நாலு போண்டா சாப்பிட்டார். தொழுதுவிட்டு வந்து, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"அன்னைக்கு மாடியில நானும் இருந்தேன். உங்க ரெண்டு பேருக்கும் பின்னாடியே. இருவத்திநாலு வயசு, கண்ணு நல்லா இருந்துது. வானத்துல ஒண்ணும் இல்ல."

"அப்ப ஏன் சித்தப்பா சொல்லல?"

"பாத்தேன்னு சொல்லிட்டாரே. அத்தினி பேரு முன்னாடி அப்பாவைப் பொய்யின்னு எப்படிச் சொல்றது? சரி, நாளைக்குப் பிரியாணின்னு கம்முனு இருந்துட்டேன்." மூக்கை உறிஞ்சினார். "அவரு உன் கையைப் பிடிச்சிக்கினு வூடு வூடாப் போனாரு. நான் ரூம்ல போத்திக்கினு படுத்திருந்தேன் அஸ்பியா."

அழுதார். சித்தப்பா அழுது நான் பார்த்ததில்லை. அம்மா அவர் தட்டில் இன்னொரு போண்டாவை வைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பையிலிருந்து என் நாலு பக்கத்தையும் எடுத்தார். பிரிண்ட் போட்டு வைத்திருந்தார். "காலையில பிரஸ்ல குடுத்துடலாம். இந்தக் கடைசிப் பக்கத்துல எம்பேரைக் காணமே."

"எங்க போடட்டும்?"

"அப்பா பேருக்குக் கீழ போடு. உம்பேருக்கு மேல. நான் பெரியவன்."