விசில் டீச்சரின் இலக்கண வகுப்பு

அன்புத் தோழிக்கு,

நான் இங்கே நலம். உன் நலத்தை உன் அக்கா வாயால் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. குரலை யாருக்கும் காட்டப் பிடிக்கவில்லையாம். சரி, கோழிக் கிறுக்கல் என்று நீ கேலி செய்யும் என் கையெழுத்திலேயே எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். நீ வேலையை விடப்போவதாகத் தலைமையாசிரியை சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து, குரல் இனி இவ்வளவுதான் வரும் என்று டாக்டர் சொன்னால், அதற்காக வகுப்பறையையே மூட்டை கட்டிவிடுவதா? வரப்போகும் அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்குள் நீ மனம் மாறாவிட்டால், உன் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அதுவரை உன் நான்காம் வகுப்பை யார் தலையில் கட்டினார்கள் தெரியுமா? என் தலையில். விளையாட்டு டீச்சருக்கு இலக்கண வகுப்பு. நீ சிரிப்பது இங்கே தெரிகிறது.

முதல் நாள் கரும்பலகையில் பெயர்ச்சொல், வினைச்சொல், பெயரடை, வினையடை என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். பாதி வகுப்பு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. நீ பாடம் நடத்தினால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பாடம் மனப்பாடமாகிவிடும். எனக்கு அந்த வித்தை வராது. எனக்குத் தெரிந்ததெல்லாம் மைதானம்தான். அங்கேயே எல்லாரையும் இழுத்துக்கொண்டு போனேன்.

சுண்ணாம்புத் தூளால் நாலு கட்டம் போட்டேன். ஆளுக்கொரு சொல்லை அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிவிட்டேன். ஒரு விசிலுக்கு அவரவர் கட்டத்துக்கு ஓட வேண்டும். அடுத்த விசிலுக்கு வரிசையில் நின்று வாக்கியமாக வேண்டும். 'பெரிய' ஓடிவந்து 'பூனை'யின் கையைப் பிடித்துக்கொண்டது. 'மெதுவாக' கொஞ்ச நேரம் திருதிருவென்று முழித்துவிட்டு 'நடந்தது' பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது. ஒருநாள் 'பெரிய' இடம் மாறி நின்றபோது, பெரிய நடந்தது என்று யாராவது சொல்வார்களா என்று உன் வகுப்பு வாயாடி இடுப்பில் கைவைத்துக் கேட்டாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. விளக்கம் சொல்லும் வேலை எனக்கு மிச்சம்.

சொதப்பலும் உண்டு. 'ஓட்டம்' என்ற அட்டையை வினைச்சொல் கட்டத்துக்கு அனுப்பிவிட்டேன். ஓட்டத்தைப் பற்றி எனக்கா தெரியாது என்ற மிதப்பு. மறுநாள் வாயாடி தன் அப்பாவிடம் விசாரித்துக்கொண்டு வந்து நின்றாள். அது பெயர்ச்சொல்லாம். நான் வழிந்த அசட்டைத் துடைக்க ஒரு துண்டு போதாது. இப்படியே போனால் உன் பிள்ளைகள் உருப்பட்ட மாதிரிதான்.

சொல்ல வந்தது வேறு. டீச்சர் எப்போது வருவார் என்று தினமும் நச்சரித்தார்கள். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டீச்சரின் குரல் சின்னதாகிவிட்டது, முன்போலச் சத்தமாகப் பேச முடியாது, அதனால் வரத் தயங்குகிறார் என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னதற்கு நீ எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வாயே திறக்காத அந்த ரெட்டைச் சடைக்காரி எழுந்து நின்றாள்.

"அப்ப நாங்க சத்தம் போடாம இருந்தா டீச்சர் வருவாங்களா?" என்றாள்.

அவர்களாகவே வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். பெஞ்சுகளை எல்லாம் முன்னால் நெருக்கிப் போட்டார்கள். ஒருவர் கரும்பலகை அருகே நின்று ஒரு வாக்கியத்தைக் கிசுகிசுக்க வேண்டும். கடைசி பெஞ்சில் இருப்பவர் அதில் எது பெயர், எது வினை என்று சொல்ல வேண்டும். முதல் நாள் ஒன்றும் கேட்கவில்லை. மின்விசிறி கடகடவென்று அடித்துக்கொண்டது. அதை நிறுத்திவிட்டு வேர்த்து ஒழுக உட்கார்ந்தார்கள். பிறகு கூட்டமாகப் போய் வாட்ச்மேனைப் பிடுங்கி எடுத்தார்கள். அவர் ஏணி போட்டு ஏறி எண்ணெய் விட்டுக் கொடுத்தார்.

நேற்று வகுப்பிலிருந்து சத்தமே கேட்காததால் தலைமையாசிரியை வேகவேகமாக வந்தார். பிள்ளைகளை எங்கே அனுப்பினாய் என்று என்னைக் கேட்கத்தான் வந்தாராம். எல்லாரும் உள்ளேதான் இருந்தார்கள். ஒருத்தி கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள், மற்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் கதவருகிலேயே நின்றுவிட்டார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. நான் அழுததை யாரிடமும் சொல்லாதே, பிறகு மைதானத்தில் ஒருவரும் என்னை மதிக்க மாட்டார்கள்.

எல்லா நாளும் இப்படியே இருப்பார்கள் என்று சத்தியம் செய்ய மாட்டேன். சாப்பாட்டு மணி அடித்தால் அதே சந்தைக்கடைதான். அடக்குவதற்கு நான் இருக்கிறேன். உன்னிடம் இல்லாதது எது, இருப்பது எது என்று நீ வீட்டுக்குள் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறாய். இந்தப் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. நீ வேண்டும், அவ்வளவுதான். எனக்கும் அப்படித்தான். நீ இல்லாத ஆசிரியர் அறையில் டீ கூட இறங்க மாட்டேன் என்கிறது.

பள்ளி திறக்கும் அன்று ஒரே ஒரு நாள் வா. உனக்கு வருகிற குரலில் ஒரு வாக்கியம் சொல். கடைசி பெஞ்சில் நான் உட்கார்ந்திருப்பேன். எனக்குக் கேட்கவில்லை என்றால் கையைத் தூக்குகிறேன். அதன் பிறகு நீ என்ன முடிவெடுத்தாலும் குறுக்கே நிற்க மாட்டேன். உன் தொண்டை சீக்கிரம் முழுசாக ஆறட்டும். நேரத்துக்கு மருந்து சாப்பிடு. அக்காவை அழவைக்காதே. வந்துவிடு.

உன் இடத்தில் தற்காலிகமாக மட்டுமே நிற்கும்,
விசில் டீச்சர்